எடை போட எடை போடக் கூடும் மூட்டை

கோபியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "பையன் ஏழாவது படிக்கிறானுங்க. ஒரே பாடத்தைப் பத்துத் தடவை படிக்கிறான். அடுத்த வாரம் கேட்டா முழிக்கிறான். வல்லாரை மாத்திரை குடுக்கலாமுங்களா?"

வல்லாரையைத் துவையல் அரைத்துக் கொடுங்கள், இட்லிக்கு நன்றாக இருக்கும். கோளாறு பையனிடம் இல்லை, அந்தப் பத்துத் தடவையில் இருக்கிறது.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவு ஒரு சிறு பாடத்தை நான்கு சுற்று படித்தது. இன்னொரு பிரிவு ஒரே சுற்று படித்துவிட்டு, மற்ற மூன்று சுற்றிலும் தாளைப் பார்க்காமல் நினைவுக்கு வந்ததை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் படித்தவர்களுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது, எழுதியவர்களுக்கு 71. ஒரு வாரம் போனதும் கதை மாறியது. படித்தவர்கள் 40, எழுதியவர்கள் 61. இதில் வேடிக்கை, "எனக்கு நன்றாக நினைவிருக்கும்" என்று கூடுதலாக நம்பியவர்கள் படித்துக்கொண்டே இருந்தவர்கள்தான்.

அந்தியூர் ஒறம்பரை (உறவினர்) வீட்டுக்கு அப்பாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து பத்துத் தடவை போயிருப்போம். தனியாகப் போகச் சொன்னால் முதல் பிரிவிலேயே தடுமாறுவோம். ஒரு தடவை தானே ஓட்டி, தப்பான சந்தில் நுழைந்து திரும்பியவனுக்கு வழி மறக்காது. கண்ணுக்குப் பழகியதைத் தெரிந்ததாக எடுத்துக்கொள்வதுதான் மறுபடி மறுபடி படிப்பதில் உள்ள ஏமாற்று.

நினைவைத் தேடி எடுக்கும்போது மூளைக்குள் என்ன நடக்கிறது? எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஜோசப் லெடூவின் ஆய்வகம் 2000-இல் எலிகளை வைத்து ஒன்றைக் காட்டியது. ஒரு சத்தம் கேட்டால் ஷாக் அடிக்கும் என்று எலி கற்றுக்கொண்டது. பிறகு ஒருநாள் சத்தத்தை மட்டும் கேட்கவைத்து, உடனே மூளையில் பயத்தோடு தொடர்புள்ள அமிக்டலா பகுதியில் புதுப் புரதம் உருவாவதைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தினார்கள். மறுநாள் பயம் பெரிதும் குறைந்திருந்தது. சத்தம் கேட்காமல் மருந்து மட்டும் பெற்ற எலிகளுக்கோ பயம் அப்படியே இருந்தது. அதாவது, வெளியே எடுத்த நினைவு இளகுகிறது, வெல்லத்தை மறுபடி அடுப்பிலேற்றியது போல. திரும்ப அச்சில் இறுக அதற்குப் புதுப் புரதம் வேண்டும். எலியின் பயமும் ஏழாம் வகுப்பு வரலாறும் ஒன்றல்ல என்பது சரிதான். ஆனாலும் எடுக்கும் செயலே நினைவை மாற்றுகிறது என்பது எனக்கு இன்னமும் ஆச்சரியம்.

ஈரோட்டு மண்டியில் மஞ்சள் மூட்டையை எத்தனை தடவை நிறுத்தாலும் எடை கூடாது. நினைவு மூட்டை மட்டும் நிறுக்க நிறுக்கக் கூடுகிறது. நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் எனக்குத் தினமும் தேர்வு வைத்தார்கள். தேர்வு நல்ல கருவிதான். மதிப்பெண்ணைச் சுவரில் ஒட்டி, அதையே அடியாக மாற்றியதுதான் அநியாயம்.

சரி, பையனுக்கு வருவோம். ஒரு தடவை படிக்கட்டும். புத்தகத்தை மூடிவிட்டு அமுச்சியிடம் (அம்மாவின் அம்மாவிடம்) கதையாகச் சொல்லட்டும். இரண்டு நாள் விட்டு மறுபடி கேளுங்கள், பாதி மறந்திருப்பான். அந்தப் பாதியைத் தானே யோசித்துத் தேட விட்டு, அப்புறம் புத்தகத்தைத் திறந்து தப்பைத் திருத்துங்கள். மதிப்பெண் மட்டும் போடாதீர்கள்.