மனுவில் ‘அடிப்படை உரிமை’ என்று எழுதும் முன்

திங்கள்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு வரும் மனுக்களில் “இது என் அடிப்படை உரிமையைப் பறிக்கும் செயல்” என்ற வரி அநேகமாக இருக்கும். எந்த உரிமை, பறித்தது யார், எந்தத் தேதியில் என்பதுதான் இருக்காது. அந்த மனு ‘தக்க நடவடிக்கைக்கு’ என்ற குறிப்போடு தாசில்தாருக்கு நகரும். பிறகு உயர் நீதிமன்றம் போக நேர்ந்தால், அதை வைத்துக்கொண்டு வழக்கறிஞரால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

அரசமைப்புச் சட்டத்தின் எந்தப் பிரிவை எடுத்தாலும், அது யாருக்காகப் பேசுகிறது என்பதை முதலில் பாருங்கள். 19-ஆவது பிரிவு குடிமக்களுக்கு மட்டும். 14 (சட்டத்தின் முன் சமம்), 21 (உயிர், தனிமனித சுதந்திரம்), 22 (கைதானவருக்கான பாதுகாப்பு) ஆகியவை ‘நபர்’ என்று பேசுகின்றன. வெளிநாட்டவரும் அகதியும் அதற்குள் அடக்கம். அடுத்து, யாருக்கு எதிராக? அடிப்படை உரிமைகளில் பெரும்பாலானவை அரசையும் உள்ளாட்சிகளையும் அரசின் பிடியில் உள்ள அமைப்புகளையும் பார்த்துச் சொல்லப்பட்டவை. தனியார் கம்பெனி வேலையைவிட்டு நீக்கியதற்கு, அரசு வேலையில் சம வாய்ப்பு தரும் 16-ஆவது பிரிவைக் காட்டிப் பயனில்லை. அது தொழிலாளர் சட்டம் பார்க்க வேண்டிய விஷயம். ஆனால் டீக்கடையில் சாதி பார்த்துத் தனிக் குவளை வைத்தால், ‘இது என் சொந்தக் கடை’ என்று சொல்லித் தப்ப முடியாது. கடை போன்ற பொது இடங்களில் பாகுபாட்டைத் தடுக்கும் 15(2), தீண்டாமையை ஒழிக்கும் 17 இரண்டும் தனியாரையும் கட்டும்.

மூன்றாவது, விதிவிலக்கு. 19(1) தரும் பேச்சுரிமையை மட்டும் படித்துவிட்டு, அதற்கு அரசு எந்தக் காரணங்களுக்காகக் கட்டுப்பாடு போடலாம் என்று சொல்லும் 19(2)-ஐ விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். அந்த 19(2)-இன் கதையில் பாதி நம் ஊரில் நடந்தது. ‘கிராஸ் ரோட்ஸ்’ பத்திரிகைக்குச் சென்னை மாநில அரசு விதித்த தடை செல்லாது என்று 1950-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டே முதல் திருத்தம் வந்து ‘பொது ஒழுங்கு’ என்ற காரணத்தை உள்ளே சேர்த்தது. தனி நாடு கோரிக்கை பேசப்பட்ட காலத்தில், 1963-இல், 16-ஆவது திருத்தம் ‘இறையாண்மை, ஒருமைப்பாடு’ என்பதைச் சேர்த்தது. ஆக, பழைய பதிப்பை வைத்துக்கொண்டு உரிமை பேசக் கூடாது.

2023 வரை அரசமைப்புச் சட்டத்துக்கு 106 திருத்தங்கள். பொதுவாக, நாடாளுமன்றத்தின் ஒவ்வொரு அவையிலும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். கூட்டாட்சி சம்பந்தப்பட்ட சிலவற்றுக்குப் பாதி மாநிலங்களின் சட்டமன்ற ஒப்புதலும் வேண்டும். அதற்குப் பிறகும் 1973-இன் கேசவானந்த பாரதி தீர்ப்பு காவல் நிற்கிறது: அரசமைப்பின் ஆதாரத் தன்மைகளான அடிப்படைக் கட்டமைப்பை எந்தத் திருத்தமும் உடைக்க முடியாது. தமிழ்நாட்டின் 69 சதவீத இட ஒதுக்கீட்டுச் சட்டம் 1994-இல் 76-ஆவது திருத்தத்தின் மூலம், சட்டங்களை வழக்கிலிருந்து காக்கவென்று வைத்திருக்கும் ஒன்பதாவது அட்டவணைக்குள் போனது. அங்கே போய்விட்டாலே நீதிமன்றம் தொட முடியாது என்று மேடைகளில் இன்றும் சொல்கிறார்கள். ஆனால் கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்த 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு அதில் சேர்ந்த சட்டங்களையும் அடிப்படைக் கட்டமைப்பு என்ற உரைகல்லில் உரைத்துப் பார்க்கலாம் என்று 2007-லேயே தீர்ப்பாகிவிட்டது.

நிறைவேறிய தேதி வேறு, அமலுக்கு வந்த தேதி வேறு. கல்வி உரிமை தரும் 86-ஆவது திருத்தம் 2002-இல் நிறைவேறியது. அது சேர்த்த 21அ பிரிவு உயிர் பெற்றது 2010 ஏப்ரல் 1-இல். மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தரும் 2023-இன் 106-ஆவது திருத்தம், மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் தொகுதி மறுவரையறையையும் கடந்தால்தான் பலன் தரும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. விசித்திரமானது 1978-இன் 44-ஆவது திருத்தம். தடுப்புக் காவலில் (குற்றம் செய்துவிடக்கூடும் என்று முன்கூட்டியே அடைத்து வைப்பதில்), அந்தக் காவல் சரியா என்று பார்க்கும் அறிவுரைக் குழுமத்தின் கருத்து இல்லாமல் வைத்திருக்கக்கூடிய காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டாகக் குறைக்கும் அதன் ஒரு பகுதி இன்றுவரை அமலுக்கே வரவில்லை. அதிகாரப்பூர்வ பதிப்பின் அடிக்குறிப்பில்தான் இது தெரியும். அடிக்குறிப்பைப் படிக்காமல் ‘இரண்டு மாதம்’ என்று மனுவில் எழுதினால் முதல் வரியிலேயே அடி விழும்.

இனி 22-ஆவது பிரிவு. வீட்டுக் கதவைத் தட்டும் பிரிவு அதுதான். கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், வழக்கறிஞரைக் கலக்க விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பயண நேரம் மட்டும் கணக்கில் வராது. கோளாறு நடப்பது அந்த 24-இன் தொடக்கத்தில். ‘விசாரணைக்கு வா’ என்று மாலை அழைத்துப் போவார்கள். கைதின்போது போலீஸ் எழுதும் கைதுக் குறிப்பாணையில் மறுநாள் காலை நேரம் ஏறும். தந்தி இருந்த காலத்தில் குடும்பத்தார் உடனே எஸ்.பி.க்கு ஒரு தந்தி கொடுப்பார்கள். நேரத்துக்கு அதுவே சாட்சி. இப்போது மின்னஞ்சல்: ‘இன்னார், இன்ன தேதி மாலை 6.40, இந்த இடத்திலிருந்து, இந்தக் காவல் நிலையத்தார்’ என்று நான்கு வரி, எஸ்.பி. அல்லது ஆணையர் அலுவலகத்துக்கும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கும். காவலில் இருப்பவருக்கு வருமானம் எதுவானாலும் இலவச வழக்கறிஞர் உண்டு; உதவி எண் 15100.

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. அதன் 36-ஆவது பிரிவுப்படி கைதுக் குறிப்பாணையில் குடும்பத்தவரோ ஊர்க்காரரோ ஒருவர் சாட்சிக் கையெழுத்திட வேண்டும். வெற்றுத்தாளில் கேட்டால் போடாதீர்கள். நேரம் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். கைதின் காரணங்களை, கைதானவருக்குத் தெரிந்த மொழியில், எழுத்தில் தர வேண்டும் என்றும், அப்போதே முடியாவிட்டால் ரிமாண்டுக்கு (காவலில் வைக்க உத்தரவு கேட்டு மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்கு) இரண்டு மணி நேரம் முன்பாவது தர வேண்டும் என்றும் 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தாள் வரவில்லை என்றாலோ, அடித்தார்கள் என்றாலோ, சொல்ல வேண்டிய இடம் ரிமாண்ட் மேஜைதான். அங்கே பேசாமல் இருந்துவிட்டு ஒரு மாதம் கழித்துச் சொன்னால் எடுபடுவது கஷ்டம்.

குண்டர் சட்டம் என்றால் கணக்கே வேறு. 22(3), தடுப்புக் காவலுக்கு மேற்சொன்ன பாதுகாப்புகளை எடுத்துவிடுகிறது. அதற்குப் பதில் 22(5): காரணங்களைத் தர வேண்டும், முறையீடு செய்ய வாய்ப்புத் தர வேண்டும். குண்டர் சட்டம் எனப்படும் தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆட்சியரோ ஆணையரோ போட்ட உத்தரவை அரசு 12 நாளுக்குள் அங்கீகரிக்க வேண்டும். மூன்று வாரத்துக்குள் அறிவுரைக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். குழுமம் ஏழு வாரத்துக்குள் அறிக்கை தர வேண்டும். காவல் அதிகபட்சம் 12 மாதம். குடும்பங்கள் செய்யும் பெரிய தவறு, காவலை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டாயிற்றே என்று அரசுக்கு முறையீட்டை அனுப்பாமல் விடுவது. முறையீடு போனால்தான் அரசு அதை எத்தனை நாள் கிடப்பில் போட்டது என்று எண்ண முடியும். விளக்கமில்லாத தாமதத்துக்காகவே ரத்தான உத்தரவுகள் நிறைய. சிறையில் கொடுக்கும் கத்தைத் தாள்களையும் பக்கம் பக்கமாகப் பாருங்கள். மங்கிப்போய்ப் படிக்க முடியாத நகல், தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு மொழிபெயர்க்காமல் கொடுத்த ஆங்கில ரிமாண்ட் உத்தரவு போன்றவை வழக்கைத் திருப்பும் பக்கங்கள்.

சொத்துரிமை அடிப்படை உரிமை அல்ல. 1979 ஜூன் 20 முதல் அது 300அ-வில் உள்ள அரசமைப்பு உரிமை. ஆகவே 32-ஆவது பிரிவின்கீழ் நேராக உச்ச நீதிமன்றம் போக முடியாது. 226-இன்கீழ் உயர் நீதிமன்றம் போகலாம். நோட்டீஸ், விசாரணை, காரணம் சொல்லும் உத்தரவு, நியாயமான இழப்பீடு எல்லாம் அந்த 300அ-வுக்குள் அடங்கும் என்று 2024-இல் தீர்ப்பு உண்டு. நில எடுப்பு நோட்டீஸ் வந்தால் அது எந்தச் சட்டத்தின்கீழ் வந்தது என்று பாருங்கள். 2013-ஆம் ஆண்டு மத்தியச் சட்டமானால் ஆட்சேபத்துக்கு 60 நாள். நெடுஞ்சாலைக்கும் தொழிற்பேட்டைக்கும் தனி மாநிலச் சட்டங்கள், தனிக் கெடு. பட்டா, அ-பதிவேடு, புலப்படம், வில்லங்கச் சான்று நான்கும் கையில் இல்லாமல் 300அ பேசினால், நிலம் புறம்போக்கு என்ற ஒரே பதிலில் வழக்கு நின்றுவிடும்.

மனுவைத் தமிழில் எழுதலாமா என்று இன்னமும் கேட்கிறார்கள். தாராளமாக. 350-ஆவது பிரிவே அந்த உரிமையைத் தருகிறது, மத்திய அரசு அலுவலகத்துக்கும் சேர்த்து. ஒரு மனுவில் ஒரு கோரிக்கை போதும். என்ன நடந்தது, தேதி, இணைப்புப் பட்டியல், எந்த அதிகாரி என்ன உத்தரவு போட வேண்டும் என்பது, அவ்வளவுதான். நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு முத்திரை; தபாலில் என்றால் சேர்ந்ததற்கான அத்தாட்சி.

பதில் வராமல் உயர் நீதிமன்றம் போனால், ‘மனுதாரரின் மனுவைப் பரிசீலித்து இத்தனை வாரத்துக்குள் உத்தரவிடுக’ என்று தீர்ப்பு வருவது சகஜம். ஜெயித்துவிட்டோம் என்று இனிப்பு கொடுக்கிறார்கள். பரிசீலிக்கச் சொன்னதுதான் உத்தரவு, கேட்டதைக் கொடுக்கச் சொன்னதல்ல. நிராகரித்தாலும் அதிகாரி தீர்ப்பை நிறைவேற்றியவர் ஆகிவிடுவார். நிராகரிப்புக்கான காரணத்தைத் தாக்கிப் புதிய ரிட் (226-இன்கீழ் மனு) போட வேண்டியிருக்கும். பரிசீலிக்கவே இல்லை என்றால் அவமதிப்பு மனு, அதுவும் ஓராண்டுக்குள். தீர்ப்பு நகலைக் கையில் வாங்கியதும் அதிகாரிக்கு ஒரு பிரதியை அத்தாட்சியோடு சேர்த்துவிடுங்கள்; பெரும்பாலான உத்தரவுகளில் கெடுவின் நாள் எண்ணிக்கை அந்த நகல் போய்ச் சேர்ந்த தேதியில்தான் தொடங்கும்.