திருப்பிக் கடித்துக் காட்டினால் குழந்தை கடிப்பதை நிறுத்தாது

இரண்டரை வயதுக் குழந்தை. முன்கையில் அரைவட்டமாகப் பல் தடம். "ப்ளே ஸ்கூல்ல யாராச்சும் கடிச்சிட்டாங்களா?" என்று கேட்டால், கூட வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். கேட்டிருக்கவே வேண்டாம், தடமே சொல்லிவிடும். இரண்டு கோரைப்பற்களின் தடத்துக்கு நடுவே மூன்று சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் அது பால்பல் வாய் இல்லை. சட்ட மருத்துவர்கள் பார்க்கிற கணக்கு இது, எங்களுக்கும் பழகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் அப்பாவோ பாட்டியோ ஒத்துக்கொள்வார்: "எல்லாரையும் கடிக்கிறான் டாக்டர். வலின்னா என்னன்னு அவனுக்கும் தெரியட்டும்னு லேசா..."

இது ஒரு வீட்டோடு நின்றிருந்தால் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். உதட்டில் மிளகாய்ப்பொடி தடவியவர்கள், கரண்டியைக் காய்ச்சி வைத்தவர்கள், "ஊசி போடச் சொல்லிருவேன்" என்று என்னைக் காட்டியே மிரட்டிக் கூட்டி வருபவர்கள் என்று வந்துகொண்டே இருக்கிறார்கள். (நான் ஊசி போடுகிற டாக்டரே இல்லை, குழந்தை உளவியலாளர். அப்படி மிரட்டிக் கூட்டி வந்த குழந்தை மேசைக்கு அடியிலிருந்து வெளியே வருவதற்குள் நீங்கள் பணம் கட்டிய நேரத்தில் பாதி போய்விடுகிறது.) எல்லோரும் சொல்கிற காரணம் ஒன்றுதான்: "வேணும்னே பண்றான்."

இல்லை. வேணும்னே பண்ணவில்லை.

முதலில், இந்த வயதில் கடிப்பதும் அடிப்பதும் தள்ளுவதும் உங்கள் வீட்டில் மட்டும் நடக்கிற அதிசயம் இல்லை. கனடாவின் மான்ட்ரியாலைச் சேர்ந்த ஆய்வாளர் ரிச்சர்ட் ட்ரெம்ப்ளேயும் அவர் குழுவினரும் குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். மனிதர்கள் அதிகம் கைநீட்டுவது விடலைப் பருவத்தில் இல்லை, 2 முதல் 4 வயதுக்குள்தான். அதற்குப் பிறகு பெரும்பாலானவர்களுக்கு அது குறைந்துகொண்டே வருகிறது. "இப்பவே இப்படின்னா வளர்ந்தா ரவுடியாயிருவான்" என்று அழுகிற அம்மாக்கள் இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து எல்லோரும் கேட்பது: "சொன்னா புரியுது டாக்டர். 'கடிக்கலாமா?'ன்னு கேட்டா 'கூடாது'ங்கறான். அடுத்த நிமிஷமே போய்க் கடிக்கிறான். அப்போ திமிருதானே?" படித்தவர்களும் கேட்கிறார்கள், சில ஆசிரியர்களும் கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிலிப் ஸெலாஸோ என்ற உளவியலாளரும் அவருடன் வேலை பார்த்தவர்களும் 1996-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. செய்முறை ரொம்ப எளிது. சிவப்பு முயல், நீலப் படகு என்பதுபோலப் படம் போட்ட அட்டைகளைக் குழந்தையிடம் கொடுத்து, முதலில் நிறத்தை வைத்துப் பிரிக்கச் சொல்வார்கள். மூன்று வயதுக் குழந்தை ஜோராகப் பிரிக்கும். அப்புறம் ஆட்டத்தை மாற்றி, இனி உருவத்தை வைத்துப் பிரிக்க வேண்டும் என்பார்கள். "இப்போ படகு எங்க போகணும்?" என்று கேட்டால் குழந்தை சரியான இடத்தைக் காட்டும். அட்டையைக் கையில் கொடுத்தால், பழையபடி நிறத்தை வைத்தே போட்டுவிடும். நாலைந்து வயதில் இந்தத் தடுமாற்றம் போய்விடுகிறது. அந்த மூன்று வயதுக் குழந்தைக்குத் திமிர் எதுவும் இல்லை. விதி தெரியும். ஆனால் தொடங்கிவிட்ட கையை நிறுத்தி அந்த விதிப்படி திருப்பும் திறமை இன்னும் வரவில்லை. யாரும் பொம்மையைப் பிடுங்காத, பசியில்லாத, அமைதியான அறையிலேயே இப்படி. உங்கள் பிள்ளை, கையிலிருந்த காரை இன்னொருவன் இழுக்கும்போது, தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது, நீங்கள் நேற்று சொன்னதை நினைத்துப் பார்த்து வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்கிறீர்கள். பெரியவர்களில் எத்தனை பேரால் சிக்னலில் ஹாரனை அடக்க முடிகிறது?

இது நம் ஊரில் மட்டும் இருக்கிற குழப்பமும் இல்லை. 2016-இல் சின்னக் குழந்தைகளின் வளர்ச்சிக்காக இயங்கும் அமெரிக்காவின் 'ஸீரோ டு த்ரீ' அமைப்பு வெளியிட்ட கணக்கெடுப்பில், கூடாது என்றதைச் செய்யாமல் அடக்கிக்கொள்ளும் திறன் 3 வயதுக்கு முன்பே வந்துவிடும் என்று 56 சதவீதப் பெற்றோர் சொன்னார்கள். அது துளிர்விடத் தொடங்குவதே மூன்றரை, நாலு வயதில்தான்.

சரி, "கடிச்சிட்டு என் மூஞ்சியப் பார்த்துச் சிரிக்கிறானே?" ஆமாம், பார்ப்பான். பார்ப்பதுதான் அவன் வேலை. 1985-இல் வந்த ஓர் ஆய்வில், ஒரு வயதுக் குழந்தைகளைக் கண்ணாடி போட்ட மேடையில் தவழவிட்டார்கள். கண்ணாடிக்குக் கீழே சின்னப் பள்ளம் தெரியும், எதிரே அம்மா. அம்மா சிரித்த முகம் காட்டியபோது 19 குழந்தைகளில் 14 பேர் கடந்து போனார்கள். பயந்த முகம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூடப் போகவில்லை. நடந்தது நல்லதா கெட்டதா என்று புரியாதபோது குழந்தை உங்கள் முகத்தில்தான் தேடும். கடித்துவிட்டு உங்களைப் பார்ப்பதும் அப்படித்தான். அந்தச் சிரிப்பு பெரும்பாலும் பதற்றம். அந்த நேரத்தில் சுற்றி நிற்கிற மாமா, சித்தி எல்லோரும் "பாரேன், வாலு!" என்று சிரித்துவிட்டால், அவனுக்குப் பதில் கிடைத்துவிட்டது. பாதிக் கதை இங்கேதான் கெடுகிறது.

அடியைப் பற்றி நீட்டப் போவதில்லை. ஏறக்குறைய 1,60,000 குழந்தைகளைப் பற்றி ஐம்பது ஆண்டுகளாக நடந்த ஆய்வுகளை எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ க்ரோகன்-கெய்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2016-இல் தொகுத்துப் பார்த்தார்கள். அடி கூடக்கூட முரட்டுத்தனமும் சொல்பேச்சு கேளாமையும் அதிகமாகத்தான் இருந்தன. திருப்பிக் கடிப்பது அதைவிட ஒரு படி மேல்: கோபம் வந்தால் நம் வீட்டில் பெரியவர்களும் கடிப்பார்கள் என்று நீங்களே நடித்துக் காட்டிவிட்டீர்கள்.

அப்புறம் இந்த "ஸாரி சொல்லு" படலம். கழுத்தைப் பிடித்து நிறுத்தி, சொல்லும்வரை விடாமல். அவன் கிளிப்பிள்ளை மாதிரி சொல்வான், கடிபட்டவள் அழுதுகொண்டே இருப்பாள். ஆறேழு வயதுக் குழந்தைகள் அடுக்கிய கப் கோபுரத்தை இன்னொருவர் தட்டிவிட்டால் என்ன ஆகும் என்று மரிஸா ட்ரெல், விக்ரம் ஜஸ்வால் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பார்த்தார்கள். மன்னிப்பு கேட்டதைவிட, திரும்ப அடுக்க உதவியதுதான் குழந்தைகளின் மனதை ஆற்றியது. அதனால் ஸாரியை விடுங்கள். கடிபட்ட இடத்தில் வைக்க ஈரத்துணியை எடுத்துவர அவனையே அனுப்புங்கள். போனால் நல்லது, போகாவிட்டால் நீங்கள் எடுத்து வாருங்கள், அவன் பார்க்கட்டும்.

கடித்த அந்த நொடியில் நடுவில் போய் உட்காருங்கள். "கடிக்க விடமாட்டேன். அவளுக்கு வலிக்குது." அவ்வளவுதான், பிரசங்கம் வேண்டாம். உங்கள் முகம் சீரியஸாக இருக்கட்டும், கத்தாதீர்கள். முதல் கவனிப்பு கடிபட்ட குழந்தைக்கு. தோல் கிழிந்திருந்தால் சோப்பு போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவி மருத்துவரிடம் காட்டுங்கள், மனிதக் கடி சீழ் பிடிக்கும். மஞ்சள் வைத்துக் கட்டாதீர்கள். ப்ளே ஸ்கூல் நடத்துபவர்களுக்குத் தயவாக ஒன்று: கடித்த பிள்ளையின் பெயரை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.

அப்புறம் ஒரு வாரம் நோட்டில் குறியுங்கள். மணி என்ன, யார் பக்கத்தில் இருந்தார்கள், கடைசியாக எப்போது சாப்பிட்டான், தூங்கினான், கடிப்பதற்கு முன்னால் என்ன நடந்தது. பல வீடுகளில் விடை நோட்டிலேயே கிடைத்துவிடுகிறது: மதியத் தூக்கம் போன நாட்கள், முளைக்கிற கடைவாய்ப்பல், புதிதாக வந்த தம்பிப் பாப்பா.

என்னிடம் வந்தால் நான் முதலில் கேட்பது கடியைப் பற்றி இல்லை, "எத்தனை வார்த்தை பேசுறான்?" என்றுதான். "தா", "எனக்கு", "போ" என்று சொல்ல வராத குழந்தைக்கு மிஞ்சுவது கையும் பல்லும்தான். இரண்டு வயது முடிந்தும் "அம்மா வா" என்பது போல இரண்டு சொல் சேரவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, தன்னையே கடித்துக்கொள்கிறான், நாலு வயதாகியும் தினமும் கடிக்கிறான் என்றால் காத்திருக்காதீர்கள். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்று யார் சொன்னாலும் சரி. காது கேட்கிறதா என்ற பரிசோதனையில் தொடங்குங்கள். தனியாரிடம் போக வசதி இல்லையென்றால், மாவட்ட அளவில் இயங்குகிற அரசின் ஆரம்பகால இடையீட்டு மையம் இருக்கிறது. அங்கே இலவசமாகவே பார்ப்பார்கள், அங்கன்வாடியில் கேட்டால் வழி சொல்வார்கள். வரும்போது அந்த நோட்டையும் எடுத்து வாருங்கள்.