புளியமரத்தடியில் நின்ற குதிரை

'மர்ம தேசம்' வரிசையில் வந்த 'விடாது கருப்பு' தொடரை யூடியூபில் மறுபடி பார்க்க உட்கார்ந்தபோது, நான் காத்திருந்தது ஒரே ஒரு காட்சிக்காக. நள்ளிரவு. குளம்புச் சத்தம் நெருங்கி வரும். ஒரு பெரிய புளியமரத்தடியில் வந்து குதிரை நிற்கும். கடைசிப் பகுதி வரை பார்த்துவிட்டேன். குதிரை வந்தது, இருட்டு வந்தது, புளியமரம் மட்டும் வரவேயில்லை. எப்படி வரும்? அது எங்கள் ஆச்சி வீட்டுப் புளியமரம்.

இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்தில், நாகா இயக்கத்தில் 90களின் பிற்பகுதியில் சன் டிவியில் அந்தத் தொடர் வந்தபோது ஆச்சி வீட்டில் கேபிள் கிடையாது. பக்கத்துத் தெருவில் பார்த்துவிட்டு, ஆச்சியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு இருட்டில் நடந்து வருவேன். வழியில்தான் அந்த மரம்.

நடந்ததை மூளை கேசட் மாதிரிப் பதிவு செய்வதில்லை. பார்த்தது, கேட்டது, இருந்த இடம், அப்போதைய பயம் எல்லாம் மூளையின் வெவ்வேறு பகுதிகளில் தங்குகின்றன. அவற்றைச் சேர்த்து முடிச்சுப் போடுவது ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதி. பயம் கலந்திருந்தால் அமிக்டலா என்ற இன்னொரு பகுதி அந்த முடிச்சை இன்னும் இறுக்கிவிடும். இந்தத் துண்டு திரையில் பார்த்தது, அந்தத் துண்டு தெருவில் பார்த்தது என்று பிரித்துச் சொல்ல மூளையின் முன்பகுதி உதவ வேண்டும். சின்ன வயதில் அது முழுதாக வளர்ந்திருக்காது. குதிரை திரையிலிருந்து இறங்கி எங்கள் மரத்தடிக்கு வந்தது இப்படித்தான்.

நினைவு பழகிய பொருள்களை இழுத்துவந்து இட்டு நிரப்பும் என்பதைக் கேம்பிரிட்ஜ் உளவியலாளர் ஃபிரெடெரிக் பார்ட்லெட் 1932இலேயே எழுதினார். வட அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றை ஆங்கிலேயர்களைப் படிக்கவைத்து, பிறகு நினைவிலிருந்து சொல்லச் சொன்னார். கதையில் இருந்த சீல் என்ற கடல் விலங்கின் வேட்டை, சொன்னவர்கள் வாயில் மீன்பிடிப்பாக மாறியிருந்தது.

எனக்கு இதைவிட வியப்பளிப்பது 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் எலிச் சோதனை. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கரீம் நாதெர், கிளென் ஷாஃபே, ஜோசஃப் லெடூ மூவரும் செய்தது. ஓர் ஒலியை ஒலிக்கவிட்டு எலியின் காலில் லேசான மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். அதன்பின் அந்த ஒலி கேட்டாலே எலி உறைந்து நிற்கும். நினைவு உறுதியான பிறகு, ஒலியை மறுபடி ஒருமுறை கேட்கவைத்து, உடனே அமிக்டலாவில் புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தினார்கள். அடுத்த நாள் ஒலி கேட்டபோது எலிகளிடம் அந்தப் பயம் பெரிதும் குறைந்திருந்தது. ஒலியைக் கேட்கவைக்காமல் மருந்தை மட்டும் செலுத்திய எலிகளிடம் பயம் அப்படியே இருந்தது.

அதாவது, நினைவை வெளியே எடுக்கும்போது அது இளகுகிறது. திரும்ப உள்ளே வைக்கப் புதிதாகப் புரதம் வேண்டும். இளகியிருக்கும் அந்தச் சில மணி நேரத்தில் அதில் மாற்றம் நுழையலாம். மனிதர்களிடம் இது எவ்வளவு தூரம் நடக்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே வாதம் ஓயவில்லை. ஆனாலும், பழைய தொடரை மறுபடி பார்ப்பது அலமாரியில் இருக்கும் ஆல்பத்தைப் புரட்டுவது மாதிரி என்று இனி என்னால் நினைக்க முடியாது. புரட்டும் விரலின் ஈரம் படத்தில் ஒட்டிக்கொள்கிறது.

இந்த முறை எனக்குப் பயம் வரவில்லை. முடிவு தெரியும். அடுத்து என்ன என்று பதற வேலையில்லாததால், காட்சியை எப்படி எடுத்திருக்கிறார்கள் என்று கவனிக்க மனசுக்கு இடம் கிடைத்தது. சத்தத்தை வைத்தே பாதிப் பயத்தைக் கிளப்பியிருக்கிறார்கள். அந்தக் காலத்துச் சின்னப் பெட்டியில் இரவுக் காட்சி பாதி கருப்பாகத்தான் தெரியும். மீதியை நாங்களே வரைந்துகொண்டோம்.

பார்த்து முடித்து இரண்டு வாரம் இருக்கும். இப்போதும் கண்ணை மூடினால் குதிரை புளியமரத்தடியில்தான் நிற்கிறது. ஆனால் இப்போது அதற்குக் கடிவாளம் இருக்கிறது. ஆச்சியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பார்த்த குதிரைக்குக் கடிவாளம் கிடையாது.