பதினான்கு விநாடி முந்திவிட்ட புயல்

கடலில் புயல் எழும் காட்சி ஒன்றுக்குப் பின்னணி இசை தேவைப்பட்டது. நண்பர் எடுத்த சிறிய ஆவணப்படம் அது. இசையமைப்பாளரை அமர்த்த வசதியில்லை. எனக்கோ வேடிக்கை பார்க்கும் ஆசை. இசை உருவாக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றில், "புயலுக்கு முந்தைய கடல், தாழ்ந்த செல்லோ, மெல்ல எழும் முரசு, பிறகு பெருமுழக்கம், 90 விநாடி" என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு நிமிடத்துக்குள் இசை வந்துவிட்டது. கேட்டதும் மயிர்க்கூச்செறிந்தது, மறைப்பானேன். படத்தோடு சேர்த்து ஓடவிட்டபோதுதான் சிக்கல் புரிந்தது. பேரலை பாறையில் மோதுவது 72-ஆவது விநாடியில். இசையின் பெருமுழக்கமோ 58-ஆவது விநாடியிலேயே வந்து ஓய்ந்துவிட்டது. எல்லாம் அடங்கிய பிறகு, அலை மட்டும் அநாதையாக வந்து மோதியது.

இவ்வளவு அழகாக முழங்கத் தெரிந்த கருவிக்கு, எப்போது முழங்க வேண்டும் என்பது ஏன் தெரியவில்லை? அது இசையை எப்படிச் செய்கிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும்.

கணினியை இசையமைக்க வைக்கும் முயற்சி பழையது. 1957-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் லெஜாரன் ஹில்லரும் லெனார்ட் ஐசக்சனும் இல்லியாக் என்ற கணினியைக் கொண்டு நான்கு தந்திக் கருவிகளுக்கான இசையை எழுத வைத்தார்கள். ஆனால் கணினி தந்தது ஸ்வரங்களை மட்டுமே. வில்லைப் பிடித்து வாசித்தவர்கள் மனிதர்கள். எந்த ஸ்வரம், எவ்வளவு நேரம், எவ்வளவு அழுத்தம் என்று குறித்துக் கொடுக்கும் இந்த வழி அறுபது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தது.

திரைப்பட இசைக்கு இந்த வழி போதாது. ஒரே தாழ்ந்த ஸ்வரத்தைப் பொம்மைப் பியானோவில் தட்டினால் சிரிப்பு வரும். நாற்பது பேர் பெரிய அரங்கில் தந்திகளில் இழுத்தால் வயிற்றைப் பிசையும். ஸ்வரம் மாறவில்லை. மாறியது நாதத்தின் நிறம், அரங்கின் எதிரொலி, வில் தந்தியில் உரசும் சொரசொரப்பு. இவற்றில் எதையும் ஸ்வரக்குறிப்பில் முழுமையாக எழுத முடியாது. ஆகவே ஒலியையே நேரடியாக உண்டாக்க வேண்டியிருந்தது.

அங்கேதான் மலைப்பு தொடங்குகிறது. குறுந்தகட்டுத் தரத்தில் ஒரு விநாடி ஒலி என்பது ஒரு தடத்துக்கு 44,100 எண்கள். இடம், வலம் என இரு தடங்களில் மூன்று நிமிட இசைக்கு ஒன்றரைக் கோடி எண்களுக்கு மேல் வேண்டும். 2016-இல் டீப்மைண்ட் நிறுவனம் வெளியிட்ட வேவ்நெட், முந்தைய எண்களைப் பார்த்து அடுத்த எண்ணை ஊகிக்கும் முறையில் இதைச் செய்து காட்டியது. அது உண்டாக்கிய பேச்சு அசலாக இருந்தது. பியானோ இசையும் ஒவ்வொரு கணத்தில் இனிமையாகவே இருந்தது. ஆனால் சில விநாடிகளில் தடம் மாறிவிடும். எறும்பு யானையின் மேல் ஊர்ந்துகொண்டே யானையை வரைந்த கதைதான். 2020-இல் ஓப்பன்ஏஐ வெளியிட்ட ஜூக்பாக்ஸ், பாட்டையும் குரலையும் சேர்த்தே உண்டாக்கியது. ஆனால் ஒரு நிமிட இசைக்கு ஏறத்தாழ 9 மணி நேரம் பிடித்தது.

மணிக்கணக்கை விநாடிகளாகக் குறைத்ததில் பெரும்பங்கு ஒலியைச் சுருக்கும் புதிய முறைகளுக்கு உண்டு. கூகுளின் சவுண்ட்ஸ்ட்ரீம் 2021-இலும் மெட்டாவின் என்கோடெக் 2022-இலும் வந்தன. இவை செய்வதைத் தராசில் எடை போடுவதோடு ஒப்பிடலாம். முதலில் பெரிய எடைக்கல்லை வைக்கிறோம். தட்டு சமமாகவில்லை என்றால் மீதிக்குச் சிறிய கல். இன்னும் மீதி இருந்தால் அதைவிடச் சிறியது. ஒலியின் ஒரு துணுக்கை எடுத்து, கையிலுள்ள பட்டியலில் அதற்கு மிக நெருக்கமான வடிவம் எது என்று முதலில் தேடுகிறது கோடெக், அதாவது இந்தச் சுருக்கும் கருவி. அதைக் கழித்த பிறகு மிஞ்சும் பிழைக்கு இரண்டாவது பட்டியல், அதிலும் மிஞ்சுவதற்கு மூன்றாவது என்று போகிறது. கடைசியில் எழுதி வைப்பது கற்களின் எண்களை மட்டும்தான். மெட்டாவின் மியூசிக்ஜென் என்ற இசை உருவாக்கும் மாதிரியில் (மாடல்) ஒரு விநாடி ஒலி 50 துணுக்குகளாகிறது. துணுக்குக்கு 4 எண்கள். ஒவ்வோர் எண்ணும் 2,048 வடிவங்கள் கொண்ட பட்டியலில் ஓரிடம். இந்த மாதிரி எடுத்துக்கொள்ளும் தரத்தில் விநாடிக்கு 32,000 எண்களாக இருந்த ஒலி 200 எண்களாகிவிட்டது!

இந்த எண்களை டோக்கன் என்கிறார்கள். அதன் பிறகு வேலை, உரை எழுதும் செயற்கை நுண்ணறிவு செய்வதேதான். இதுவரை வந்த டோக்கன்களைப் பார்த்து அடுத்தது எதுவாக இருக்கலாம் என்று நிகழ்தகவு போட்டு, ஒன்றைத் தேர்ந்து, தொடர்கிறது. சுருக்கத்துக்கு விலையும் உண்டு. இந்தக் கருவிகளின் இசையில் ஜால்ராவின் ஒலி தேய்ந்து மறையும் இடத்தைக் காதொலிப்பானில் கேளுங்கள். சில சமயம் மணல் உதிர்வதுபோல் ஒரு சரசரப்பு கேட்கும். கடைசிச் சிறு கல்லுக்கும் கீழே மிஞ்சிய எடை அது.

இன்னொரு வழி, இரைச்சலிலிருந்து தொடங்குவது. பயிற்சியின்போது நல்ல இசையில் படிப்படியாக இரைச்சலைக் கலந்து, கலந்ததை நீக்க மாதிரிக்குக் கற்றுத் தருகிறார்கள். பிறகு வெறும் இரைச்சலைக் கொடுத்து "இதைத் துப்புரவு செய்" என்கிறார்கள். அது பனி படர்ந்த கண்ணாடியைத் துடைப்பதுபோல் படிப்படியாகத் துடைக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் எதுவுமே இல்லை என்பதுதான் வேடிக்கை. துடைக்கத் துடைக்க ஓர் இசை உண்டாகிவிடுகிறது. 2022 டிசம்பரில் வந்த ரிஃப்யூஷன் இதை ஓவியக் கருவியைக் கொண்டே செய்தது. ஸ்பெக்ட்ரோகிராம் என்பது ஒலியின் படம்: கிடையாக நேரம், செங்குத்தாக அதிர்வெண், வெளிச்சமாக உரப்பு. படம் வரையும் ஸ்டேபிள் டிஃப்யூஷன் மாதிரிக்கு இப்படங்களைக் காட்டிப் பழக்கி, அது வரைந்ததை மீண்டும் ஒலியாக மாற்றினார்கள்.

2023-இன் ஸ்டேபிள் ஆடியோ, சுருக்கிய ஒலியின் மேல் இந்தத் துடைப்பு வேலையைச் செய்கிறது. பயிற்சியின்போது அதற்குக் கூடுதலாக ஒரு செய்தியும் தரப்பட்டது: இந்தத் துண்டு முழுப் பாடலில் எத்தனையாவது விநாடியில் தொடங்குகிறது, முழு நீளம் எவ்வளவு. அதனால்தான் கேட்ட நீளத்துக்கு ஏற்பத் தொடக்கமும் முடிவும் அமைந்து வருகின்றன. என் புயலின் மர்மமும் இதில் பாதி விடுபடுகிறது. 90 விநாடி இசையில் உச்சம் வழக்கமாக எங்கே வருமோ, அங்கே வைத்திருக்கிறது கருவி. பாறையையும் அலையையும் அது பார்த்ததே இல்லை.

சரி, "புயலுக்கு முந்தைய கடல்" என்ற சொற்கள் செல்லோவாக மாறுவது எப்படி? இசைத் துண்டுகளையும் அவற்றைப் பற்றிய விவரிப்புகளையும் ஜோடி ஜோடியாகக் கொடுத்துப் பழக்குகிறார்கள். சில முறைகளில் சொல்லுக்கும் ஒலிக்கும் பொதுவான ஒரு வரைபடமே உருவாகிறது. பொருந்தும் ஜோடிகள் அதில் பக்கத்தில் பக்கத்தில், பொருந்தாதவை தூரத்தில். 'சோகம்' என்ற சொல்லின் அருகே மெதுவான லயமும் மைனர் ஸ்கேல் என்ற மேற்கத்திய ஸ்வர வரிசையும் குடியேறிவிடும். 'பிரம்மாண்டம்' அருகே தாழ்ந்த பித்தளைக் கருவிகளும் கூட்டு முரசும்.

'பிரம்மாண்டம்' என்று எழுதினால் எல்லோருக்கும் ஒரே மாதிரி இசை வருவதன் காரணமும் இதுவே. ஆயிரக்கணக்கான துண்டுகளின் மேல் அந்தச் சொல் ஒட்டப்பட்டிருந்தால், கிடைப்பது அவற்றின் சராசரி. என் அனுபவத்தில், உணர்ச்சிப் பெயர்களைவிடக் கருவியின் பெயர், ஸ்தாயி, வேகம், வாசிக்கும் விதம் ஆகியவை நன்றாக வேலை செய்கின்றன. "திகில்" என்று எழுதாமல், "வயலின்கள் மிக மேல்ஸ்தாயியில், வில்லை நடுக்கி, தாளமின்றி" என்று எழுதிப் பாருங்கள். பயிற்சிக்குச் சென்ற இசையில் பெரும்பகுதி மேற்கத்திய இசை என்பதையும் மறக்க வேண்டாம். மியூசிக்ஜென்னை உருவாக்கியவர்களே அந்தக் குறையை எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு கமகத்தைக் கேட்டால் ஸ்வரம் வழுக்கி விழுந்ததுபோல் ஏதோ வரும்.

இப்போது என் கணிப்பைச் சொல்கிறேன். நாம் 'சினிமாத்தனமான இசை' என்று சொல்லும்போது மனதில் இருப்பது பெரும்பாலும் நாதத்தின் நிறமும் உரப்பு ஏறி இறங்கும் கோடும்தான். நீண்ட தாழ்ந்த ரீங்காரம், திரும்பத் திரும்ப வரும் சிறு தந்தி வரிசை, மெல்ல அடர்ந்து வரும் முரசு. அடுத்த துணுக்கு முந்தைய துணுக்கைப் போலவே இருக்கலாம்; மெதுவாக மாறினால் போதும். ஊகித்தே வாழும் இயந்திரத்துக்கு இதைவிட வாகான இசை வேறில்லை. ஆனால் திரைப்பட இசையமைப்பாளரின் வேலை வேறு இரண்டு விஷயங்களில் இருக்கிறது: நேரம், நினைவு. கதவு திறக்கும் கணத்தில் ஒலி நிற்க வேண்டும். பத்தாவது நிமிடத்தில் குழந்தை முணுமுணுத்த மெட்டு, தொண்ணூறாவது நிமிடத்தில் அதே குழந்தை வளர்ந்து நிற்கும்போது வேறு கருவியில், வேறு வேகத்தில் திரும்ப வேண்டும். நாம் எழுதிக் கொடுக்கும் இரண்டு வரிகளில் இவை எதுவும் இல்லை.

நினைவுக்கு ஓரளவு வழி இருக்கிறது. சில மாதிரிகளிடம் மெட்டை முனகிக் கொடுக்கலாம். அவை அதிலிருந்து குரலின் நிறத்தையெல்லாம் உதறிவிட்டு, ஒவ்வொரு கணமும் பன்னிரண்டு ஸ்வர இடங்களில் எது ஒலிக்கிறது என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, நீங்கள் கேட்ட கருவியில் வாசிக்கும். மெட்டு உங்களுடையது, உடுப்பு அதனுடையது.

நேரத்துக்கு இன்னும் பழைய வைத்தியம்தான்: கணக்கு. நிமிடத்துக்கு 80 தட்டு என்றால் ஒரு தட்டு 0.75 விநாடி, விநாடிக்கு 24 சட்டங்கள் (ஃபிரேம்கள்) ஓடும் படத்தில் அது சரியாக 18 சட்டங்கள். நான்கு தட்டுக்கு ஓர் ஆவர்த்தம் என்றால் 3 விநாடி. 24 ஆவர்த்தம் முடிந்தால் 72 விநாடி. ஆக, அலை மோதும் கணத்தில் இருபத்தைந்தாவது ஆவர்த்தத்தின் முதல் தட்டு விழ வேண்டும். கணினி வருவதற்கு முன்பே திரைப்பட இசைக்காரர்கள் போட்டுவந்த கணக்கு இது. கருவியிடம் 80 என்று கேட்டேன். வந்ததை அளந்தபோது கிட்டத்தட்ட 82. ஒலித்தொகுப்பு மென்பொருளில் இரண்டரை விழுக்காடு இழுத்து விட்டேன். சுருதி மாறாமல் இழுக்கும் வசதி அதில் உண்டு. எழுச்சியைத் தனித் துண்டாகவும் முழக்கத்தைத் தனித் துண்டாகவும் உண்டாக்கி, தட்டின் மேல் வெட்டி ஒட்டினேன்.

உரிமை விவகாரத்தையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக்குத் தங்கள் பாடல்களை அனுமதியின்றி எடுத்துக்கொண்டதாக, சூனோ, யூடியோ ஆகிய இசை உருவாக்கும் செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் மீது பெரிய இசைத்தட்டு நிறுவனங்கள் 2024 ஜூனில் அமெரிக்காவில் வழக்குத் தொடர்ந்தன. வெறும் எழுத்துக் கட்டளையால் மட்டும் பிறந்த படைப்புக்குப் பதிப்புரிமை கோர முடியாது என்பது அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2025 ஜனவரி அறிக்கையில் சொன்ன நிலைப்பாடு. படத்தை வெளியிடுமுன் கருவியின் உரிம விதிகளைப் படித்துவிடுவது நல்லது.

இருபத்தைந்தாவது ஆவர்த்தத்தில் முழக்கம் கச்சிதமாக விழுந்தது. இருந்தும் ஏதோ குறைந்தது. பல முறை ஓடவிட்ட பிறகு, இருபத்து நான்காவது ஆவர்த்தத்தின் கடைசி இரண்டு தட்டுகளை வெட்டி எறிந்தேன். ஒன்றரை விநாடி எந்த ஒலியும் இல்லை, அலை உயர்ந்து நிற்கிறது, பிறகு முழக்கம். அந்த ஒன்றரை விநாடியைக் கருவியிடமே கேட்டுப் பார்த்தேன். "முழக்கத்துக்கு முன் மௌனம்" என்று எழுதியதற்கு, மெல்லிய ரீங்காரம் ஒன்றை அனுப்பி வைத்தது.