சுருட்டின் கங்கு அணையாமல் இருப்பது எப்படி?

ஆலங்குளம் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்க ஊர் சுடலைமாடன் கொடையில படையலுக்குப் பத்தவச்சு வைக்கிற சுருட்டு, யாரும் இழுக்காமலே பாதி வரைக்கும் எரிஞ்சு போகுது. சாமி குடிச்சிட்டாருன்னு சொல்லுதாவ. ஆனா வீட்ல சுத்துத பீடியப் பத்தவச்சுக் கீழ வச்சா கொஞ்ச நேரத்துல அணஞ்சு போகுது. இது ஏன்? வெளிநாட்டுச் சுருட்டு ஒண்ணு ஆயிரம் ரூவாக்கு மேல விக்குதே, அதுக்கு எத வச்சு மதிப்புப் போடுதாவ?"

இரண்டு கேள்விக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். இலை எப்படிக் கனல்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் படையல் சுருட்டும் புரியும், விலை உயர்ந்த சுருட்டை மதிப்பிடுபவர் எதைப் பார்க்கிறார் என்பதும் புரியும்.

கையால் சுற்றிய சுருட்டில் தாளோ பஞ்சோ கிடையாது, முழுக்க இலைதான். நடுவில் நீளவாக்கில் மடித்த உள் இலைகள், அவற்றை இறுக்கிப் பிடிக்கும் கட்டு இலை, வெளியே நரம்பு தெரியாத மெல்லிய மேல் இலை. அறுத்த இலையை நிழலில் வாரக்கணக்கில் காயவைத்து, பிறகு அம்பாரமாகக் குவிப்பார்கள். குவியலின் உள்ளே எருக்குழி போலச் சூடு ஏறும். சூடு 50 டிகிரி செல்சியஸை ஒட்டி வரும்போது பிரித்து, உள்ளே இருந்ததை வெளியே போட்டுத் திரும்பக் குவிப்பார்கள். இந்தப் பக்குவத்தில்தான் அம்மோனியா வெளியேறி, இலையின் காரமும் கசப்பும் தணிகின்றன.

இனி கங்குக்கு வருவோம். தீக்குச்சியின் சுடர் போனபின் சுருட்டு முனையில் எரிவது இலை அல்ல, இலை கரிந்து உண்டான கரி. கரியின் மேற்பரப்பில் ஆக்சிஜன் சேரும்போது வெப்பம் பிறக்கிறது. அந்த வெப்பம் அடுத்த மில்லிமீட்டர் இலையை உலர்த்திக் கரியாக்குகிறது, அந்தக் கரி அடுத்துக் கனல்கிறது. பிறக்கும் வெப்பம் வெளியே இழக்கும் வெப்பத்துக்கு ஈடுகொடுக்கும் வரை கங்கு நகர்ந்துகொண்டே இருக்கும். ஈடுகொடுக்க முடியாத நொடியில் அணையும்.

இந்தக் கணக்கைச் சுருட்டின் பக்கம் சாய்ப்பது பொட்டாசியம். இலைக்குள் அது பெரும்பாலும் மாலிக் அமிலம், சிட்ரிக் அமிலம் போன்றவற்றோடு உப்பாக இருக்கிறது. சூடேறும்போது அந்த அமிலப் பகுதி சிதைந்து பொட்டாசியம் கார்பனேட் மிஞ்சுகிறது. கரியின் மேல் மெல்லியதாகப் பரவிக் கிடக்கும் இந்தக் கார்பனேட் ஒரு வினையூக்கி. அது இருக்கும் இடத்தில், வெறும் கரி கனலத் தேவையான வெப்பநிலையைவிடக் குறைந்த வெப்பநிலையிலேயே ஆக்சிஜன் கரியோடு சேர்ந்துவிடும். கங்கு சற்றுக் குளிர்ந்தாலும் உயிரோடு இருப்பது இதனால்தான். ஆனால் அதே பொட்டாசியம் குளோரினோடு சேர்ந்து இலைக்குள் போயிருந்தால் பலன் இல்லை. பொட்டாசியம் குளோரைடு இந்தச் சூட்டில் சிதைந்து கார்பனேட் ஆவதில்லை. போதாததற்கு, குளோரைடு மிகுந்த இலை காற்றிலிருந்து ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். உலர்ந்த இலையின் எடையில் குளோரின் 2 சதவீதத்தைத் தாண்டினால் கரி கறுத்து அணைய ஆரம்பிக்கும்.

பொட்டாசியம் ஒன்றுதான். அது எந்தத் துணையோடு வருகிறது என்பதில் ஒரு சுருட்டின் தலையெழுத்தே மாறிவிடுகிறது. வேதியியலில் இதைவிட அழகான ஒன்றைச் சொல்வது கடினம். விவசாயிக்கு இது நேரடிக் காசு. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மியூரேட் ஆப் பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு. சுருட்டுப் புகையிலைக்கு அதைப் போடக் கூடாது, சல்பேட் ஆப் பொட்டாஷ்தான் போட வேண்டும். உப்புக் கரிக்கும் கிணற்று நீரைப் பாய்ச்சினாலும் இதே கேடு. திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூரில் 1948 முதல் இயங்கும் ஆராய்ச்சி நிலையம் சுருட்டுப் புகையிலைக்காகவே தொடங்கப்பட்டது.

எரிதிறனைச் சோதிக்கும் முறை மிக எளிது. பதமான ஈரத்தில் உள்ள இலையை விரித்துப் பிடித்து, சிவக்கக் காய்ச்சிய கம்பியால் ஒரு புள்ளியைத் தொட்டு எடுத்துவிட்டு, கனலும் வளையம் அணையும் வரை நொடிகளை எண்ணுவார்கள். நல்ல இலையில் வளையம் சீராக விரியும். குளோரின் ஏறிய இலையில் தொட்ட இடம் கறுத்து, இரண்டு மூன்று நொடியில் முடிந்துவிடும். அந்தக் கார்பனேட் தங்கும் சாம்பல் செய்யும் வேலையை வேறு வழியிலும் பார்க்கலாம். சீனிக்கட்டியின் ஓரத்தில் தீக்குச்சியைக் காட்டினால் அது உருகுமே தவிர எளிதில் எரியாது. அதே ஓரத்தில் சாம்பலைத் தேய்த்துவிட்டுக் காட்டினால் சுடரோடு பற்றிக்கொள்ளும். பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியர் இருக்கும்போது செய்து பார்க்கலாம்.

இப்போது பீடி. அதன் மேலே இருப்பது புகையிலை அல்ல, வட மாநிலக் காடுகளிலிருந்து வரும் தெண்டு இலை. அதில் காற்று எளிதில் ஊடுருவாது, தானாகக் கனல்வதும் குறைவு. உள்ளே இருக்கும் தூள் சுமார் 0.2 கிராம்தான். இவ்வளவு மெல்லிய பொருள், பிறக்கும் வெப்பத்தை உடனே இழந்துவிடும். அடிக்கடி இழுத்தால்தான் பீடி எரியும். பெரிய சுருட்டில் 5 முதல் 20 கிராம் வரை புகையிலை இருக்கிறது. கங்கின் நடுப்பகுதியைச் சுற்றியுள்ள இலையே காபந்து செய்வதால் சூடு தங்குகிறது. படையலில் இருபுறமும் திறந்த நாட்டுச் சுருட்டு, தீமுனை கொஞ்சம் கீழே சாய்ந்தபடி இருந்தால், சூடான புகை உள்ளுக்குள்ளேயே மேலேறி வெளியேறும், கங்குக்குப் புதுக்காற்று வந்துகொண்டே இருக்கும். ஆற்றங்கரைக் காற்றும் சேர்ந்தால் பாதிச் சுருட்டு எரிவதில் வியப்பில்லை. சாமிக்குப் படைப்பது அவரவர் பக்தி, அதில் எனக்கு மறுப்பில்லை. எரிந்த சுருட்டைக் காட்டிக் குறி சொல்லிப் பணம் பறிப்பதைத்தான் ஏற்க முடியாது.

மதிப்பீடு தொடங்குவது கையில். தலை (வாயில் வைக்கும் முனை) முதல் கால் (பற்றவைக்கும் முனை) வரை விரலால் மெல்ல அழுத்திப் பார்ப்பார்கள். ஓரிடம் கட்டியாக இருந்தால் இழுப்பு அடைபடும். ஓரிடம் பொதபொதவென்று இருந்தால் அங்கே கங்கு உள்ளே ஓடி, மேல் இலை எரியாமல் கூடாக நிற்கும். தலையில் 2 மில்லிமீட்டர் அளவே வெட்ட வேண்டும். வளைவு முடியும் இடத்துக்குக் கீழே வெட்டினால் மேல் இலை பிரிந்துவிடும். பற்றவைக்குமுன் ஒருமுறை காற்றை இழுத்து இழுப்பின் எதிர்ப்பைப் பார்ப்பார்கள். பிறகு சுடரைத் தொடவிடாமல், சற்று மேலே பிடித்துச் சுழற்றி முனை முழுவதையும் ஒரே சீராகச் சூடேற்றுவார்கள். நிமிடத்துக்கு ஓர் இழுப்பு போதும். வேகமாக இழுத்தால் கங்கின் சூடு ஏறி, கசப்பும் எரிச்சலும் மட்டுமே மிஞ்சும்.

எரியும் கோடு வட்டமாக, ஒரே மட்டத்தில் நகர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் முந்தினால் ஈரம் ஒரே அளவில் இல்லை, அல்லது உள் இலைகள் ஒரு பக்கமாகக் குவிந்துவிட்டன. வெள்ளைச் சாம்பல்தான் உயர்தரம் என்ற நம்பிக்கை பாதிதான் சரி. கால்சியமும் மெக்னீசியமும் விட்டுச்செல்லும் உப்புகள் வெளுப்பானவை, எரியாமல் தங்கிய கரி கறுப்பு. வெள்ளைச் சாம்பல் மண்ணையும் முழுமையான எரிதலையும் காட்டுமே தவிர, சுவைக்குச் சான்று ஆகாது.

சுவையில் பெரும்பங்கு மூக்கினுடையது. வாயில் உள்ள புகையில் கொஞ்சத்தை, நுரையீரலுக்கு இழுக்காமல், மூக்கு வழியே விட்டால்தான் மரம், தோல், மிளகு, கொக்கோ போன்ற வாசனைகள் பிரிந்து தெரியும். அம்மோனியா நெடி வந்தால் அம்பாரப் பக்குவம் போதவில்லை. கடைசி மூன்றில் ஒரு பங்கு எப்போதும் காரமாக இருக்கும், முன்பு இழுத்த புகையின் தாரும் நிகோடினும் அங்கேதான் படிந்து காத்திருக்கின்றன.

உள்ளே இழுக்காததால் ஆபத்தில்லை என்பது தவறு. சுருட்டுப் புகை காரத்தன்மை உடையது. அந்நிலையில் நிகோடின் வாயின் தோல் வழியாகவே இரத்தத்தில் கலக்கும். அம்பாரப் பக்குவத்திலேயே புற்றுநோய் உண்டாக்கும் நைட்ரோசமைன்கள் கூடுகின்றன. வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்கள் சுருட்டாலும் வருகின்றன, பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டு நாள் முழுக்கப் புகையிலைத் தூளை அள்ளும் பெண்கள் அதைச் சுவாசிக்கவும் செய்கிறார்கள். இலையின் எரிதிறனை அளக்கக் காட்டிய அக்கறையில் ஒரு பங்கையாவது அவர்களுடைய நுரையீரலை அளக்கவும், மாற்றுத் தொழிலுக்கும் காட்டியிருக்க வேண்டும். அரசு இதற்கென்றே ஆராய்ச்சி நிதி ஒதுக்குவது நியாயம்.

வாசகர் கேட்காத ஒன்று, திருநெல்வேலி வெயிலில் சுருட்டு என்ன ஆகும் என்பது. அதற்கு 18 முதல் 21 டிகிரி வெப்பமும் 65 முதல் 70 சதவீத ஈரப்பதமும் வேண்டும். சித்திரை வெயிலில் மேல் இலை வெடிக்கும், ஐப்பசி மழையில் பூஞ்சை பிடிக்கும். பெட்டியில் உள்ள ஈரமானி சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கத் தூத்துக்குடி உப்பே போதும். ஒரு மூடியில் உப்பை எடுத்து, கரையாமல் குழையும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, ஈரமானியோடு சேர்த்து ஒரு டப்பாவில் காற்றுப் புகாமல் மூடி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் எப்போதும் 5 கூட்டிப் படிக்க வேண்டும்.

மேல் இலையில் குண்டூசித் துளைகள் தெரிந்தால் அது வண்டு. மல்லி, மஞ்சள், வத்தல் பொடியில் விழும் அதே பழுப்பு வண்டுதான். சூடு கூடும்போது இலைக்குள் இருக்கும் அதன் முட்டைகள் பொரிந்துவிடும். துளை விழுந்ததை எறிந்துவிட்டு, மிச்சத்தைக் காற்றுப் புகாத பையில் கட்டி மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் மூன்று நாள் வைக்க வேண்டும். எடுத்ததும் வெளியே வைத்தால் மேல் இலை விரிந்து கிழியும் என்பதால், ஒரு நாள் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டு, பிறகு பையைப் பிரிக்க வேண்டும்.