ஒரு மணித்தியாலம் முன்பே வந்து காத்திருப்பவர்கள்

ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். எட்டு மணிக்கே அவர் வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு கோப்பு. இரண்டு ஆண்டுகளாக எடுத்த ஈசிஜி, இரத்தப் பரிசோதனை, எண்டோஸ்கொப்பி அறிக்கைகள் எல்லாம் திகதி வரிசையில், தனித்தனிப் பிளாஸ்டிக் உறைகளில் இருந்தன. மட்டக்களப்பில் ஒரு திணைக்களத்தில் உயர் பதவி வகிப்பவர், நாற்பது வயதைத் தாண்டியவர். "காஸ்ட்ரிக் என்று மருந்து தந்தார்கள், டொக்டர். நெஞ்சுப் படபடப்பு மட்டும் போகவில்லை" என்றார். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றி, பலருடைய கதைகளைக் கலந்தே எழுதுகிறேன்.)

அறிக்கைகளில் ஒரு குறையும் இல்லை. தைரொய்ட் சரி, குருதிச்சோகை இல்லை. பதகளிப்பை, அதாவது ஓயாத கவலையையும் பதற்றத்தையும், அளக்கும் ஏழு கேள்விகள் கொண்ட தாளைக் கொடுத்தேன். 2006இல் வெளியாகி இன்று பல நாடுகளில் பயன்படும் தாள் அது. கட்டுப்படுத்த முடியாத கவலை, ஓரிடத்தில் ஆறி இருக்க முடியாமை, எரிச்சல் போன்றவை கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள் தொல்லை தந்தன என்று கேட்கும். இரண்டு மூன்று நிமிட வேலை. அவருக்குக் கால் மணித்தியாலம் எடுத்தது. இரண்டு விடைகளை அழித்துத் திருத்தினார். தாளைத் திருப்பித் தரும்போது, "சரியாகச் செய்திருக்கிறேனா?" என்று கேட்டார்.

புள்ளிகளைக் கூட்டுவதற்கு முன்பே அந்தக் கேள்வியில் எனக்கு விடை கிடைத்துவிட்டது. 21க்கு 16. பத்து வந்தாலே மேலும் விசாரித்துப் பார்க்க வேண்டும்.

அவர் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைப் பிள்ளை. மண்டூரிலிருந்து ஓடத்தில் வாவியைக் கடந்து குருமண்வெளிக்கு வந்து உயர்தரம் படித்தவர். ஓடத்தைத் தவறவிட்டால் அன்றைய பாடம் போய்விடும். போர்க்காலம் வேறு, சோதனைச் சாவடியில் எவ்வளவு நேரம் நிறுத்துவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஒரு மணித்தியாலம் முன்பே துறையில் போய் நிற்பாராம். வீட்டில் பிறப்புச் சான்றிதழும் பரீட்சைப் பெறுபேறும் ஒரு பொலித்தீன் பையில், தூக்கிக்கொண்டு ஓடுவதற்குத் தயாராக இருந்தன. அந்தப் பயம் அன்று நியாயமானது. பல்கலைக்கழகம் வரை அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அதுதான். போர் முடிந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அவருடைய உடம்பு இன்னும் அந்தத் துறையில்தான் நிற்கிறது.

எல்லாவற்றையும் போரின் தலையில் கட்டவும் எனக்கு மனமில்லை. இடம்பெயர்வையே அறியாத இளைஞர்களும் என்னிடம் வருகிறார்கள். அவர்களுக்குப் பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி, மாவட்ட நிலை என்று வேறு சாவடிகள் இருந்தன.

மற்றவர்களுக்குப் பதகளிப்பு வந்தால் வேலை தடைப்படும், வீட்டார் கவனிப்பார்கள். இவரைப் போன்றவர்களுக்கு வந்தால் வேலை இன்னும் திருத்தமாக நடக்கும், ஊர் பாராட்டும். நானும் பாராட்டியிருக்கிறேன். பயிற்சிக் காலத்தில், என்னிடம் சிகிச்சைக்கு வந்த ஓர் ஆசிரியரிடம், "இத்தனை பொறுப்புகளையும் அழகாகச் சமாளிக்கிறீர்கள், சேர்" என்று உற்சாகமாகச் சொன்னேன். அதன்பிறகு அவர் வரவேயில்லை. சமாளித்துச் சமாளித்தே அவர் களைத்துப்போயிருந்தார் என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

ஆகவே, ஒருவர் எவ்வளவு செய்து முடிக்கிறார் என்று பார்க்காதீர்கள். வேலை இல்லாத நேரத்தில் அவருக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். போயா விடுமுறையன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவரால் சும்மா சாய்ந்திருக்க முடிகிறதா? ஒரு கடிதத்தை அனுப்பிய பிறகும் திறந்து திறந்து வாசிக்கிறாரா? பாராட்டுக் கிடைத்த நிம்மதி ஒரு மணித்தியாலமாவது நிற்கிறதா? சிலர் பதவி உயர்வையே பிள்ளைகளின் படிப்பைக் காரணம் காட்டித் தட்டிக்கழிப்பார்கள். சிலர் அலுவலகத்தில் முகம் சுளிக்காமல் இருந்துவிட்டு வீட்டில் பிள்ளைகள் மீது எரிந்துவிழுவார்கள். தூக்கத்தில் பல்லை நெரிப்பதும், காரணமின்றித் தோளும் கழுத்தும் இறுகிக் கிடப்பதும் உண்டு. இப்படிப் பெரும்பாலான நாட்கள் ஆறு மாதங்களுக்கு மேல் போனால் அதைச் 'சுபாவம்' என்று விட்டுவிடக் கூடாது.

கணவரோடு என்னிடம் வந்த ஒரு பெண் விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துவிடுவார். பக்கத்தில் இருந்த கணவருக்கு அன்றுதான் அது தெரிந்தது. "சமைக்க எழும்புகிறார் என்றல்லவா நினைத்தேன்" என்றார், தலையைக் குனிந்தபடி.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் இந்தப் பதகளிப்புக்கு 'யோசனை' என்றுதான் பெயர். "ஒரே யோசனை" என்று சொல்லும்போது நாம் "யோசிக்காதே" என்று பதில் சொல்லிவிடுகிறோம். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். "இரவு எத்தனை மணிக்கு விழித்தாய்?" என்று கேளுங்கள்; கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள்.

இதற்குச் சிகிச்சை இருக்கிறது. எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்றும் உளச்சிகிச்சை நன்றாக உதவும். தேவையானால் மருந்தும் உண்டு. அது பலன்தரச் சில வாரங்கள் எடுக்கும். நீங்களாக நிறுத்தக் கூடாது. மனத்தை அமைதிப்படுத்தும் மாத்திரைகளைத் தெரிந்தவர்களிடம் வாங்கிப் போடாதீர்கள்; சிலவற்றுக்கு உடம்பு அடிமையாகிவிடும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. 1926 என்ற தேசிய உளநலத் தொலைபேசி எண்ணுக்கும் அழைக்கலாம். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாள்கூடப் பொறுக்க வேண்டாம்.

கோப்போடு வந்தவருக்கு நான் கொடுத்த முதல் பயிற்சி மிகச் சிறியது: அலுவலகத்தில் ஒரு சாதாரணக் கடிதத்தை ஒரே தடவை வாசித்துவிட்டு அனுப்ப வேண்டும். அன்றிரவு அவர் தூங்கவில்லை. கடிதத்தில் ஒரு திகதி பிழையாகவும் இருந்தது. மறுநாள் எழுதுவினைஞர் அதைக் கண்டு திருத்தி அனுப்பினார், அவ்வளவுதான் நடந்தது. அந்தக் கடிதத்தின் பிரதியையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, அடுத்த முறை வரும்போது கொண்டுவந்து காட்டினார்.