வாசிக்கத் தெரியாத எழுத்தை அகராதியில் தேடுவது எப்படி?

டோக்கியோவின் நிஷி-கசாய் பகுதிக்குக் குடிவந்த முதல் வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை அரிசி வாங்கப் போனேன். கடையின் ஷட்டர் இறங்கியிருந்தது. அதில் ஒரு வெள்ளைத் தாள், தாளில் தூரிகைப் பேனாவால் எழுதிய நான்கு எழுத்துகள். கொஞ்ச நேரத்தில் திறப்பார்களா, வேறு இடத்துக்கு மாறிவிட்டார்களா, ஒன்றும் புரியவில்லை. கையில் போன் இருந்தது. போனில் ஜப்பானிய அகராதி ஆப் இருந்தது. ஆனால் அதில் எதை அடிப்பது? அகராதியில் ஒரு சொல்லைத் தேட வேண்டுமென்றால் அதை வாசிக்கத் தெரிய வேண்டும். வாசிக்கத் தெரியாததால்தானே அகராதியையே திறக்கிறோம்!

ஜப்பானிய மொழி படிக்கிற எல்லாரும் இந்த முட்டுச்சந்தில் ஒருநாள் வந்து நிற்பார்கள். அங்கிருந்து அந்தச் சின்ன ஆப் நம்மை எப்படி வெளியே கூட்டிவருகிறது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

சுலபமானதை முதலில் முடித்துவிடலாம். ஜப்பானிய மொழியில் ஒலியை அப்படியே எழுதுகிற கானா எழுத்துகள் உண்டு. அகராதியில் சொற்கள் அடுக்கப்பட்டிருப்பது கானா வரிசையில்தான்: அ, இ, உ, எ, ஒ, அப்புறம் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அந்த ‘ஹ’ பழைய ஜப்பானியத்தில் ‘ப’ என்றே ஒலித்தது. அதையும் திருத்திச் சொன்னால் க, ச, த, ந, ப, ம, ய, ர, வ. நாம் பள்ளியில் படித்த அதே வரிசை! சமஸ்கிருத மந்திரங்களைச் சரியாக உச்சரிக்க வேண்டும் என்பதற்காக ஜப்பானின் பௌத்தத் துறவிகள் ‘சித்தம்’ என்ற இந்திய எழுத்தைக் கற்றார்கள். தொண்டையில் தொடங்கி உதட்டை நோக்கி வரும் ஒலி ஒழுங்கு அந்த வழியாகத்தான் கானாவுக்குப் போனது. ஒரு ஜப்பானியக் குழந்தை அகராதியைப் புரட்டுவதும் நாம் புரட்டுவதும் ஒரே முறையில்தான் என்று அறிந்த அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சமல்ல.

இப்படி வரிசையாக அடுக்கிய இரண்டு லட்சம் சொற்களில் ஒன்றைத் தேட, நடுவில் திறந்து, முன்னாலா பின்னாலா என்று பார்த்துப் பாதியை ஒதுக்கிக்கொண்டே போனால் போதும். 18 தடவைக்குள் சொல் அகப்பட்டுவிடும். போனுக்கு இது ஒரு வேலையே இல்லை.

சிக்கல் கான்ஜியில்தான். சீனாவிலிருந்து வந்த இந்த எழுத்துகள் ஒலியைக் காட்டுவதில்லை, பொருளைக் காட்டுகின்றன. அன்றாடப் பயன்பாட்டுக்கென்று ஜப்பானிய அரசு 2010-இல் வெளியிட்ட பட்டியலில் மட்டும் 2,136 கான்ஜி இருக்கின்றன. கடை வாசலில் நான் பார்த்த மூன்றாவது எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் ஒல்லியாக ஒரு மனிதன் சாய்ந்து நிற்பதுபோல இரண்டு கோடு. வலப்பக்கம் ஒரு மரம்: நடுவில் தண்டு, குறுக்கே கிளை, கீழே இரு பக்கமும் வேர். இதை எப்படி வாசிப்பது என்று எழுத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ‘மனிதனும் மரமும்’ என்று சொல்ல முடியும். தேடல் தொடங்குவது அங்கேதான்.

சீனாவில் 1716-இல் முடிந்த காங்ஷி அகராதி, எழுத்துகளை 214 தலைப்பு உறுப்புகளின் கீழே பிரித்து அடுக்கியது. அச்சு அகராதியில் தேடுகிறவர் எந்த உறுப்பு தலைப்பு என்று ஊகித்து, மிச்சமுள்ள கோடுகளை எண்ணி, பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். ஊகம் தவறினால் மறுபடியும் முதலிலிருந்து. ஆப்பில் அந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொரு கான்ஜியிலும் கண்ணுக்குத் தெரிகிற உறுப்புகள் எல்லாவற்றையும் முன்கூட்டியே பட்டியலிட்டு வைத்திருக்கிறார்கள். ‘மனிதன்’ என்பதைத் தொட்டால் மனிதன் இருக்கிற எழுத்துகள் எல்லாம் வரும். ‘மரம்’ என்பதையும் தொட்டால் இரண்டு பட்டியலுக்கும் பொதுவானவை மட்டும் நிற்கும். பள்ளியில் படித்த கணங்களின் வெட்டு நினைவிருக்கிறதா? அதேதான். இப்போது திரையில் ‘உடம்பு’, ‘காத்தல்’ போன்ற சில எழுத்துகள் மிஞ்சும். ஆறே கோடுகள் உள்ளது எது என்று பார்த்தால் நம் எழுத்து வந்துவிடும்: ஓய்வு. மரத்தடியில் சாய்ந்த மனிதன்! மற்ற மூன்றையும் இப்படியே தேடிச் சேர்த்தேன். ‘ஹொன்ஜிட்சு க்யூக்யோ’, இன்று கடை விடுமுறை.

விரலால் வரைந்து தேடுவது இன்னும் வேகமான வழி. ஆனால் அது படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறது என்று நினைத்துக்கொண்டால் அடிக்கடி ஏமாந்துபோவோம். விரல் எங்கே இறங்கியது, எந்தப் பக்கம் போனது, எங்கே தூக்கப்பட்டது என்று ஒவ்வொரு கோட்டையும் வரிசையாகப் புள்ளிகளாகவே போன் பெற்றுக்கொள்கிறது. எழுத்தைப் பெரிதாக வரைந்தாலும் சிறிதாக வரைந்தாலும் ஒரே அளவுச் சதுரத்துக்குள் கொண்டுவந்து, தன்னிடம் உள்ள மாதிரிகளோடு கோடு கோடாக ஒப்பிடுகிறது. அதனால் கோணல்மாணலாக எழுதினாலும் பெரும்பாலும் மன்னித்துவிடும்; கோடுகளின் எண்ணிக்கையும் வரிசையும் தவறினால்தான் தடுமாறும். ‘வாய்’ என்ற எழுத்து பார்வைக்கு வெறும் சதுரம். நான் அதை ஒரே இழுப்பில் சுற்றி வரைந்தேன், அப்புறம் நான்கு கோடாக வரைந்தேன். இரண்டுக்கும் வேறு எதையெதையோ காட்டியது. அதற்குச் சரியாக மூன்று கோடுகள்: இடப்பக்கம் மேலிருந்து கீழே ஒன்று, மேலே குறுக்காகப் போய் முனையில் மடங்கி, விரலை எடுக்காமல் கீழே இறங்குவது ஒன்று, அடியை மூடுவது ஒன்று. இன்னும் நுணுக்கமானது ‘இடது’, ‘வலது’ என்ற ஜோடி. இரண்டின் மேல்பாகமும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ‘இடது’ எழுத்தில் கிடைக்கோட்டை முதலில் போட வேண்டும், ‘வலது’ எழுத்தில் சாய்கோட்டை. ஜப்பானியப் பள்ளிகளில் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். இப்போதைய ஆப்கள் சில, வரிசை பிசகினாலும் கண்டுகொள்கின்றன. என்றாலும் வரிசை தெரிந்து எழுதுகிறவருக்கே விடை முதலிடத்தில் வருகிறது.

சரி, எழுத்து கிடைத்துவிட்டது. ஒரு முழு வாக்கியத்தை ஒட்டித் தேடினால் அடுத்த சிக்கல் வரும். ஜப்பானிய மொழியில் சொற்களுக்கு நடுவே இடைவெளியே விடுவதில்லை. ஜப்பானியர்கள் நாப்பயிற்சிக்குச் சொல்கிற ஒரு வாக்கியம் உண்டு: சுமோமோமோமோமோமோமோமோநோஉச்சி. சுமோமோ என்றால் பிளம் பழம், மோமோ என்றால் பீச் பழம், தனி ‘மோ’ நம் ‘உம்’. முன்னாலிருந்து தொடங்கி, அகராதியில் உள்ள மிக நீளமான சொல்லாக வெட்டிக்கொண்டே போகிற எளிய முறையை இதில் ஓட்டினால் சுமோமோ–மோமோ–மோமோ–மோமோ–நோ–உச்சி என்று ஒன்றும் மிச்சமில்லாமல் அழகாகப் பிரியும். பொருள்தான் கிடையாது. பிளம் பீச் பீச் பீச் என்று பழக்கடைப் பட்டியல்போல நிற்கும். சரியான பிரிப்பு: சுமோமோ–மோ–மோமோ–மோ–மோமோ–நோ–உச்சி. அதாவது, பிளமும் பீச்சும் பீச் வகையிலேயே சேரும்.

இதைக் கணினி எப்படிக் கண்டுபிடிக்கிறது? சாத்தியமான எல்லா வெட்டுகளையும் வலைபோல விரித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லுக்கும், ஒரு சொல்லின் பக்கத்தில் இன்னொன்று வருவதற்கும் ஒரு கட்டணம் போடுகிறது. பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்தில் ‘மோ’ வருவது வழக்கம், கட்டணம் குறைவு. பெயர்ச்சொல்லை ஒட்டி ஒட்டி மூன்று பெயர்ச்சொற்கள் வருவது அபூர்வம், கட்டணம் அதிகம். மொத்தச் செலவு எந்தப் பாதையில் குறைவோ அதுவே விடை. தக்கு குதோ உருவாக்கிய மேகப் என்ற இலவச மென்பொருள் இந்த வேலையில் பெயர்பெற்றது. மேகப் என்பது அவருக்குப் பிடித்த ஒரு கடற்பாசி உணவின் பெயர்.

அடுத்தது வினைச்சொல். ‘இத்த’ என்று ஒரு சொல் கண்ணில் படுகிறது. அகராதியில் அந்தத் தலைச்சொல் இல்லை, ஏனென்றால் அது இறந்தகால வடிவம். ஆப்பிடம் விகுதிகளைக் கழற்றும் விதிகள் இருக்கின்றன. ‘த்த’ என்று முடிந்தால் மூலவினை உ, ட்சு, ரு இவற்றில் ஒன்றில் முடிந்திருக்கலாம். ‘இக்கு’ என்ற வினை மட்டும் விதிவிலக்கு. ஆகவே ஆப் நான்கையும் கட்டிப் பார்க்கிறது. ‘இயு’ இருக்கிறது, சொல் என்று பொருள். ‘இரு’ இருக்கிறது, தேவைப்படு, வறு என்று பொருள். ‘இக்கு’ இருக்கிறது, போ என்று பொருள். ‘இட்சு’வும் அகராதியில் உண்டு, ஆனால் அது ‘எப்போது’ என்ற கேள்விச்சொல். வினை இல்லை என்பதால் தள்ளிவிடுகிறது. மிச்சத்தை நம் முன்னால் வைக்கிறது. சொன்னாரா, வறுத்தாரா, போனாரா என்று இடத்தைப் பார்த்துத் தீர்மானிப்பது நம் பொறுப்பு.

தமிழருக்கு இந்தக் கழற்றல் புதிதே இல்லை. தபெ–ஸஸெ–ரரெ–னகத்த என்ற சொல்லைப் பாருங்கள். தபெ என்பது சாப்பிட, ஸஸெ என்பது வை, ரரெ என்பது படு, னகத்த என்பது இல்லை என்பதன் இறந்தகாலம். சேர்த்துச் சொன்னால்: சாப்பிட–வைக்க–ப்பட–வில்லை. துண்டுக்குத் துண்டு அதே வரிசை! இந்த மாதிரி ஒற்றுமைகளைப் பார்த்துத்தான் சுசுமு ஓனோ என்ற அறிஞர் இரு மொழிக்கும் உறவு உண்டு என்று வாதிட்டார். மொழியியலாளர்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கட்டும், இல்லாமல் போகட்டும். படிக்கிறவருக்குக் கிடைக்கிற வசதி உண்மையானது.

ஒரு எச்சரிக்கை. சீனத்திலும் ஜப்பானியத்திலும் கொஞ்சம் வேறுபட்டு எழுதப்படும் பல எழுத்துகளுக்கு, கணினிக்காக எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கிற யூனிகோடு முறையில் ஒரே எண்தான். எந்த வடிவத்தைக் காட்டுவது என்பதைப் போனின் எழுத்துரு முடிவுசெய்கிறது. ‘எலும்பு’ என்ற எழுத்தின் மேல்பாகத்துக்குள் இருக்கும் சின்ன மூலை ஜப்பானில் வலப்பக்கம், இன்றைய சீனாவில் இடப்பக்கம். நான் பல நாள் சீன வடிவத்தையே பார்த்து எழுதிப் பழகிவிட்டேன். போனின் மொழிப் பட்டியலில் ஜப்பானியத்தையும் சேர்த்துவிட்டால் பெரும்பாலும் இது சரியாகிவிடும்.

இத்தனைக்கும் அடியில் இருக்கிற சொற்களஞ்சியத்தைத் தொடங்கியவர் ஜிம் பிரீன். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது 1991-இல் தொடங்கினார். இன்று ஜேஎம்டிக்ட் என்ற பெயரில் அது வளர்ந்திருக்கிறது. தகோபோதோ, ஷிராபே ஜிஷோ என்று ஆப்களின் பெயர்தான் வேறு; உள்ளே இருப்பது இந்தக் களஞ்சியம்தான். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தமும் அனுப்பலாம். ஆங்கிலத்தைத் தவிர ஜெர்மன், பிரெஞ்சு, ரஷ்யன், டச்சு, ஹங்கேரியன் மொழிகளிலும் பொருள் இருக்கிறது. தமிழில் இல்லை.

இது எனக்கு உறுத்துகிறது. ‘அனி’ என்று தேடினால் ஆங்கிலத்தில் ‘மூத்த சகோதரன்’ என்று இரண்டு சொல்லில் விளக்கம் வருகிறது. நமக்கு அண்ணன் என்ற ஒரே சொல் போதும். அனெ அக்கா, ஒதோதோ தம்பி, இமோதோ தங்கை. ‘மோ’ என்பதற்கு ஆங்கிலம் வரிசையாக நான்கைந்து விளக்கம் தருகிறது. ‘உம்’ என்று எழுதினால் வேலை முடிந்தது. ஆப்பில் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே குறிப்பு எழுதிக்கொள்ள ஒரு கட்டம் இருக்கிறது. நான் தேடுகிற ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழை அதில் எழுதிக்கொண்டு வருகிறேன். இதுவரை 340 சொற்கள் ஆகியிருக்கின்றன. முதலில் எழுதியது அந்தக் கடை வாசல் எழுத்துக்கு: ‘ஓய்வு, லீவு’.